மலைத் தானியங்களும் மாவுச்சத்தும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

தானியம், மாவுச்சத்து, அவற்றோடு சேர்ந்து நம் உடலுக்குள் போகும் பிற சேர்மங்கள் ஆகியவை குறித்து நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, இத்துறையில் பணியாற்றும் உணவு வேதியியல் ஆய்வாளர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

என் மகள் உணவு வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாள். சிறுதானியங்களின் மாவுச்சத்தும் உயிர்ச்செயல் சேர்மங்களும் என்பது தலைப்பாம். எங்கள் காட்டில் விளைந்த ராகியையும் சாமையையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறாள். தலைமுறை தலைமுறையாக நாங்கள் சாப்பிட்டு வரும் தானியத்தில் புதிதாக ஆராய என்ன இருக்கிறது? அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன்?
– ஒரு தந்தை, குந்தா

உங்கள் மகள் நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறார். அந்த மூட்டை ஆய்வகத்துக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். முதலில் கல்லும் தூசியும் நீக்கி, ஈரப்பதத்தை அளந்து, உமி போக்கி, மாவாக்கிச் சலிப்பார்கள். பார்வைக்கு இது அடுக்களை வேலைதான். ஆனால் சல்லடைக் கண்ணின் அளவு மாறினால் மாவு செரிக்கும் வேகமே மாறிவிடும் என்பதால், இந்தக் கட்டத்தில் காட்டும் கவனத்தைப் பொறுத்தே பின்னால் வரும் எண்களை நம்பலாமா கூடாதா என்பது முடிவாகிறது.

பிறகு மாவின் ஒரு பகுதியிலிருந்து புரதத்தை நீக்கி, மாவுச்சத்தை மட்டும் வெள்ளைப் பொடியாகப் பிரித்தெடுப்பார்கள். அதில் ஒரு சிட்டிகையை ஒரு சொட்டு நீரில் கலந்து, ஒளியை ஒரே தளத்தில் அதிரவிடும் வடிகட்டி பொருத்திய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒளிரும் ஒவ்வொரு மணியின் மீதும் ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். உருளைக்கிழங்கின் மணிகள் பெரியவை, முட்டை வடிவானவை. அரிசியின் மணிகள் அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, பல கோணங்கள் கொண்ட துணுக்குகள். நுண்ணோக்கியின் மேடையை மெல்லச் சூடாக்கிக்கொண்டே வந்தால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் மணி நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். அதோடு சிலுவையும் மறையும். மணிக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த மூலக்கூறுகள் குலைந்துவிட்டன, மாவு வேகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அந்த மூலக்கூறுகள் இரண்டு வகைப்படும். அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் மரம்போல் கிளைவிட்டது. சோறு உதிரியாக நிற்குமா, குழையுமா, ஆறினால் விறைக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. அயோடின் கரைசலைச் சேர்த்தால் அமைலோஸ் கருநீலமாகும். ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டினாலான ஒட்டரிசி மாவு செம்பழுப்பாகவே நிற்கும். நீலத்தின் ஆழத்தைக் கருவியில் அளந்து அமைலோஸின் அளவைக் கணக்கிடுவார்கள். அடுத்ததாக, மாவைச் செரிமான நொதிகளோடு சேர்த்து உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் குலுக்கி வைத்து, 20 நிமிடத்தில் எவ்வளவு குளுக்கோஸ் வெளிவந்தது, 120 நிமிடத்தில் எவ்வளவு வெளிவந்தது, அதன் பிறகும் உடையாமல் எஞ்சியது எவ்வளவு என்று பார்ப்பார்கள். இங்கிலாந்தில் எங்லிஸ்டும் அவருடைய குழுவினரும் 1992-இல் வகுத்துக் கொடுத்த இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அடிப்படை.

உயிர்ச்செயல் சேர்மங்கள் என்று தலைப்பில் உள்ளவை, ஊட்டச்சத்துக் கணக்கில் வராவிட்டாலும் உடலுக்குள் ஏதேனும் ஒரு வேலையைச் செய்யும் பொருள்கள். ராகியின் செம்பழுப்புத் தோலில் உள்ள டானின்களும் ஃபெரூலிக் அமிலம் போன்ற பீனால் சேர்மங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. தானியங்களில் ஃபெரூலிக் அமிலத்தின் பெரும்பகுதி நார்ச்சத்தோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதால், மெத்தனால் கலந்த நீரில் ஊறவைத்தால் மட்டும் வெளியே வராது. காரக் கரைசலில் இட்டு அந்தப் பிணைப்பை அறுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் விட்ட பழைய அளவீடுகள், காய்கனிகளோடு ஒப்பிடுகையில் தானியங்களில் பீனால்கள் மிகக் குறைவு என்ற தவறான எண்ணத்தை நெடுநாள் நிலைக்கச் செய்துவிட்டன. கட்டுண்ட இந்தப் பீனால்கள் சிறுகுடலைக் கடந்து பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால் விடுவிக்கப்படுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பீனால்களை அளக்கப் பயன்படும் ஃபோலின் வினைப்பொருள் வைட்டமின் சி-யோடும் சில சர்க்கரைகளோடும்கூட வினைபுரிந்து நீலமாகும். சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளந்து பெற்ற எண், உடலில் விளையும் நன்மையின் அளவாகாது. அமெரிக்க வேளாண் துறை இத்தகைய எண்களைத் தொகுத்து வைத்திருந்த பட்டியலை 2012-இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது. விளம்பரங்களில் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதையும் ஒரு காரணமாகச் சொன்னது. மாவுப் பொட்டலங்களின் மேல் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது உங்கள் மகள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்களுக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். ஒரே காட்டில் விளைந்த ஒரே ராகி, நைசாக அரைத்த மாவா கரகரப்பான மாவா, முளைகட்டியதா கட்டாததா, கூழா களியா என்பதைப் பொறுத்து உடலில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறது. 2023-ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்ததை ஒட்டி, தானியத்தின் பெயரை மட்டும் வைத்து இது சர்க்கரைக்கு நல்லது, அது எலும்புக்கு நல்லது என்று பேசும் பழக்கம் மிகவும் பெருகிவிட்டது. பெயர் போதாது, பக்குவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பக்குவங்களை ஒவ்வொன்றாக அளந்து சொல்லப் போகிறவர் உங்கள் மகள். உங்கள் வீட்டில் ராகியை எப்படிக் காயவைத்தார்கள், எதில் அரைத்தார்கள், களியை எவ்வளவு நேரம் கிண்டினார்கள் என்பதையெல்லாம் பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆய்வேட்டுக்கு அது உண்மையிலேயே உதவும்.

திருமணமாகித் திருச்சியிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறேன். அங்கே சீக்கிரம் வெந்துவிடும் அரிசி இங்கே நேரம் எடுக்கிறது. துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் குழைவதே இல்லை. இட்லி மாவும் பொங்குவதில்லை. தண்ணீரில் குறையா?
– ஒரு வாசகி, உதகமண்டலம்

முக்கியக் காரணம் உயரம். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாகும். அரிசியின் மாவுச்சத்து ரகத்துக்கேற்ப 55 முதல் 79 டிகிரிக்குள் வெந்துவிடக்கூடியது என்பதால், இந்தக் கொதிநீரிலும் சோறு முழுமையாக வெந்துவிடும். அரிசியின் நடுப்பகுதிக்கு நீர் ஊடுருவுவதும் மணி மென்மையாவதும்தான் மெதுவாக நடக்கின்றன. அரை மணி நேரம் ஊறவைத்து உலையில் போட்டால் இந்தத் தாமதம் பெருமளவு சரியாகும். பருப்பின் நிலை வேறு. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதற்குச் சில டிகிரி வேறுபாடும் பெரிதாகக் கணக்கில் வரும். ஆகவே குக்கர் அவசியம். சமவெளியில் 120 டிகிரியை எட்டும் குக்கர் இங்கே ஏறத்தாழ 116 டிகிரியில் நிற்கும் என்பதால், இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள்.

இட்லி மாவுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை, குளிர்தான் தடை. மாவைப் பொங்கவைக்கும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்கும். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கம்பளியில் சுற்றியோ, மூடிய பெட்டிக்குள் ஒரு பாத்திரம் வெந்நீரின் பக்கத்திலோ வையுங்கள்.

சோற்றை ஆறவைத்து மறுநாள் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது. எங்கள் ஊரில் இரவில் சமையலறையே குளிர்பெட்டிபோல் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள என் மாமியாருக்குத் தினமும் இப்படிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

காணொளியில் ஓர் உண்மை இருக்கிறது; அதை அளவுக்கு மீறிப் பெருக்கியிருக்கிறார்கள். வேகும்போது குலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள், சோறு ஆறும்போது மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அப்படி இறுகிய பகுதியைச் செரிமான நொதியால் எளிதில் உடைக்க முடிவதில்லை. அது சிறுகுடலில் குளுக்கோஸாகாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகி, பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களாக மாறுகிறது. இவ்வாறு இறுகுவது குளிர்பெட்டிக்குள் இருக்கும் 4 டிகிரியை ஒட்டிய குளிரில் வேகமாக நடக்கும். மீண்டும் சூடாக்கினால், இறுகிய அமைலோபெக்டின் 60 டிகிரிக்குள்ளாகவே இளகிவிடும்; இறுகிய அமைலோஸ் இளகுவதற்கு 120 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டாலும் அதன் பயன் முழுவதும் போய்விடாது.

எவ்வளவு பயன் என்பதுதான் கேள்வி. 2015-இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிதாக வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இந்த வகை மாவுச்சத்து, 4 டிகிரியில் ஒரு நாள் வைத்துச் சூடாக்கிய சோற்றில் 1.65 கிராமாக இருந்தது. அதைச் சாப்பிட்ட, நோயில்லாத பெரியவர்களின் ரத்தச் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. ஆனால் அதே 100 கிராம் சோற்றில் மொத்தமாக ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு கிராம் மிச்சப்படுகிறது என்று நம்பி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் அந்தப் பயனும் போய்விடும். மாமியாருக்குச் சோற்றின் அளவைக் குறைத்து, அவரைக்காயும் கீரையும் பருப்பும் அதிகமாக்குவதையே முதலில் செய்யுங்கள். மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சை உண்டாக்கும். பெரிய பாத்திரம் நிறைய, மூடி வைத்த சோறு கொடைக்கானல் குளிரிலும் நடுவில் நெடுநேரம் சூடாகவே இருக்கும். அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறேன். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ராகியில் இரும்புச்சத்து உண்டு என்று தினமும் காலையில் களியோ ரொட்டியோ செய்து, கூடவே கட்டஞ்சாயா குடித்துவிட்டு வேலைக்குப் போகிறேன். ஆறு மாதமாகியும் ஏறவில்லை. ராகி நல்லதில்லையா?
– ஒரு தொழிலாளி, குன்னூர்

அம்மா, ராகி நல்ல தானியம்தான். நீங்கள் அதைச் சாப்பிடும் முறையில்தான் சிக்கல். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் இதன் பக்கத்தில் வராது. இரும்புச்சத்து 4.6 மில்லிகிராம்தான். அதிலும் தாவர உணவில் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராத வகை. ராகித் தோலின் டானின்களும், உள்ளே இருக்கும் பைட்டிக் அமிலமும் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. அதன் மேல் தேநீரின் பாலிபீனால்களும் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது; சாப்பாட்டோடு கட்டஞ்சாயா குடித்தால் அந்த வேளையின் இரும்பு உடலில் சேர்வது பாதிக்கும் மேல் குறைந்துவிடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தேநீரை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். குளிரில் மலைச்சரிவில் நின்று வேலை செய்பவருக்கு அது தேவை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். அந்த ஒரு மணி நேர இடைவெளியே நல்ல வித்தியாசத்தை உண்டாக்கும். களியோடு நெல்லிக்காய்த் துவையலோ, எலுமிச்சை பிழிந்த கீரையோ, கடைசியில் ஒரு கொய்யாப்பழமோ சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி அந்தத் தடைகளை மீறி இரும்பை உள்ளே சேர்க்கும். ராகியை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால், முளைக்கும்போது எழும் நொதிகள் பைட்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை உடைத்துவிடுகின்றன, டானின்களும் குறைகின்றன. குன்னூர்க் குளிரில் முளை வர நாளாகும். பூசணம் பிடித்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதமாக ஏறவில்லை என்பதை மட்டும் சாதாரணமாக விட வேண்டாம். ரத்தசோகையை உணவால் மட்டும் சரிசெய்ய முடியாத நிலையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால், அதையும் தேநீரோடு விழுங்காதீர்கள். ஏன் ஏறவில்லை என்று மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள்.

ஒரே டானின்தான் இரும்பைத் தடுக்கிறது. அதே டானின்தான் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளின் வேகத்தையும் குறைக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு உதவுவது ரத்தசோகை உள்ளவருக்கு இடைஞ்சலாகலாம். எல்லோருக்கும் ஒரே ராகிக் கூழை மருந்தாக எழுதித் தருபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மகளிர் குழு சாமையை உமி நீக்கிப் பொட்டலமிட்டு விற்கிறது. மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே கசப்பும் காறல் வாடையும் வந்துவிடுகின்றன. நெல் அரிசி அப்படி ஆவதில்லையே?
– ஒரு சுயஉதவிக் குழு, கோத்தகிரி

தீட்டிய நெல்லரிசியில் கொழுப்பு 100 கிராமுக்கு அரை கிராம்தான். சாமையில் ஏறத்தாழ 4 கிராம். அந்தக் கொழுப்பு தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது, அதை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அங்கேயே இருக்கிறது. முழுத் தானியத்தில் இவை தனித்தனியாகக் கிடக்கும்; இயந்திரத்தில் உமி உரியும்போது தவிடு நசுங்கி இரண்டும் கலந்துவிடுகின்றன. ஈரக்காற்றும் சேர்ந்தால் கொழுப்பமிலங்கள் பிரிந்து, காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து காறல் தட்டும். பலர் செய்வதுபோல் வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் கெடாது. ஆனால் நார்ச்சத்தும் பீனால்களும் தவிட்டோடு போய்விடும், பிறகு சாமை என்று கூடுதல் விலை வாங்குவதில் நியாயம் இல்லை. நெல்லைப் புழுக்குவதுபோல் சாமையையும் உமியோடு ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு உமி நீக்குங்கள். நொதி செயலிழந்துவிடும். உமியோடு சேமித்து, விற்பனைக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது உரிப்பது அதைவிட எளிது.

சம்பா கோதுமையில் குளூட்டன் கிடையாது என்கிறார்களே?
– ஒரு விவசாயி, மன்னவனூர்

தவறு. கப்ளி என்றும் சொல்லப்படும் இந்தப் பழைய கோதுமையிலும் குளூட்டன் உண்டு. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. நீங்கள் இருக்கும் பழனி மலைக்கும் நீலகிரிக்கும் இந்தியக் கோதுமை ஆய்வில் தனி இடம் உண்டு. சமவெளியின் கோடையில் பிழைக்க முடியாத துருநோய்ப் பூஞ்சை, ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும் இந்த மலைகளில் தங்கியிருந்து மீண்டும் சமவெளிக்குப் பரவுகிறது என்பதைத் தாவர நோயியல் அறிஞர் கே. சி. மேத்தா கண்டுபிடித்தார். வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம், துருநோயைத் தாங்கும் கோதுமைகளை இன்றும் உருவாக்கி வருகிறது.

எங்கள் நிலத்து உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்துச் சிப்ஸ் பொரித்தால் கருத்துப்போகிறது, லேசாக இனிக்கவும் செய்கிறது. என்ன காரணம்?
– ஒரு வாசகர், பூம்பாறை

எட்டு டிகிரிக்குக் கீழே வைத்தால் கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாற்றிக்கொள்ளும். இனிப்பு அதனால்தான். எண்ணெயில் 120 டிகிரிக்கு மேல் சூடேறும்போது இந்தச் சர்க்கரைகள் கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து கருநிறத்தையும், கூடவே அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத சேர்மத்தையும் உண்டாக்குகின்றன. உணவில் இது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் நாட்டவர் கண்டறிந்தார்கள். கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால், 15 முதல் 20 டிகிரி வரை வெப்பமுள்ள இருட்டறையில் இரண்டு வாரம் போட்டுவையுங்கள், சர்க்கரை பெருமளவு குறையும். சீவிய துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, பொன்னிறத்தைத் தாண்டவிடாமல் எடுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை படர்ந்த கிழங்கில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கலாம். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது முற்றாக அழியாது, ஆகவே பச்சைப் பகுதியையும் முளையையும் ஆழமாக வெட்டி எறியுங்கள், வெட்டிய பிறகும் கசந்தால் கிழங்கையே ஒதுக்கிவிடுங்கள்.